அரசு தரும் ‘இரட்டிப்பு’ நன்கொடை: கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

“நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் பிரிட்டன் அரசு இன்னொரு பவுண்டு தரும்.” பிரிட்டனில் வசிப்பவர்கள் இந்த வரியை எங்காவது பார்த்திருப்பார்கள். தபாலில் வந்து விழும் உறையின் மேல் இருக்கும். ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும். எங்கேனும் நிலநடுக்கமோ வெள்ளமோ வந்த வாரத்தில் தொலைக்காட்சியில் ஓடும். படித்தவுடன் கை பணப்பைக்குப் போகிறது. போகட்டும், நல்லதுதான். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த இரண்டாவது பவுண்டு எங்கிருந்து வருகிறது, எப்போது வராது, யார் கைக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டனின் ஏற்பாடே இங்கே முதன்மை. கனடா இதையே வேறு விதமாகச் செய்வதால், வேண்டிய இடத்தில் அதுவும் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் தருவதற்கு ஈடாக அரசு தரும் இந்த இணைநிதியில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அது கருவூலத்திலிருந்து உங்களுக்காகத் தனியாக எடுத்து வைக்கும் புதுப் பணமும் இல்லை. ஏற்கெனவே வெளிநாட்டு உதவிக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பகுதி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வாக்குச் சீட்டு உங்கள் கையில் கிடைக்கிறது. அதைத் தெரிந்து பயன்படுத்தினால் லாபம். தெரியாமல் ‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லுக்கு மயங்கினால், கொடுக்க நினைத்த நல்ல இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவோம்.

1. முதலில், எந்த வகை இணைநிதி என்று பாருங்கள்

பிரிட்டனில் ‘உங்கள் நன்கொடை இரட்டிப்பாகும்’ என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது ‘யுகே எய்ட் மேட்ச்’. 2011-இல் அப்போதைய சர்வதேச வளர்ச்சித் துறை தொடங்கிய திட்டம் இது. 2020 செப்டம்பரில் அந்தத் துறை வெளியுறவு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டபின், இணைந்த அலுவலகத்தின் பொறுப்பில் வந்தது. குடிநீர், கண் சிகிச்சை, பள்ளி உணவு போன்ற நீண்டகால வேலைகளுக்கானது. வாட்டர்எய்ட், சைட்சேவர்ஸ், மேரிஸ் மீல்ஸ் போன்ற அமைப்புகள் இதன்வழி நிதி பெற்றிருக்கின்றன. ஓர் அமைப்பு விண்ணப்பித்துத் தேர்வானபின், அதிகபட்சம் மூன்று மாதம் மக்களிடம் நன்கொடை கேட்கும். அந்த மூன்று மாதத்தில் வந்த தொகைக்கு ஈடாக அரசு தரும்.

இரண்டாவது, பேரிடர்க்கால இணைநிதி. பேரிடர் அவசரக் குழு என்ற டி.இ.சி. 1963-இலிருந்து இயங்குகிறது. ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம், இஸ்லாமிக் ரிலீஃப், கிறிஸ்டியன் எய்ட் உள்ளிட்ட 15 பெரிய அமைப்புகள் சேர்ந்து ஒரே குரலில் நன்கொடை கேட்பதற்கான கூட்டமைப்பு அது. பெரும் பேரிடர் வரும்போது, பொதுமக்கள் தரும் முதல் இத்தனை மில்லியனுக்கு ஈடாகத் தருவதாக அரசு பல முறை அறிவித்திருக்கிறது.

மூன்றாவது வகைக்கும் அரசுக்கும் தொடர்பில்லை. ‘பிக் கிவ்’ நடத்தும் கிறிஸ்துமஸ் கால இணைநிதி போன்றவற்றில் செல்வந்தர்களும் அறக்கட்டளைகளும் ஈட்டுப் பணத்தைத் தருகிறார்கள். அது நல்லதா இல்லையா என்பது வேறு பேச்சு. இங்கே சொல்லும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

விளம்பரத்தில் அரசின் ‘யுகே எய்ட்’ முத்திரை இருந்தால் முதல் இரண்டில் ஒன்று. இல்லையென்றால், ஈடாகத் தருவது யார் என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

2. உச்சவரம்பையும் கடைசித் தேதியையும் தேடிப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

கடிதத்தின் முன்பக்கத்தில் இருப்பது பெரிய எழுத்தும் குழந்தையின் முகமும். திருப்பிப் பாருங்கள். நன்கொடைப் படிவத்துக்கும் கீழே, மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில் நாலைந்து வரி இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதிகபட்சம் எவ்வளவு, அரசின் பணம் எந்த நாட்டில் எந்தத் திட்டத்துக்கு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. யுகே எய்ட் மேட்சில் ஒரு நன்கொடை அழைப்புக்கு உச்சவரம்பு பொதுவாக 2 மில்லியன் பவுண்டு.

உச்சவரம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உக்ரைன் நல்ல உதாரணம். 2022 மார்ச் 3 அன்று டி.இ.சி. தன் அழைப்பைத் தொடங்கியது. முதல் 20 மில்லியன் பவுண்டுக்கு ஈடு தருவதாக அரசு அறிவித்தது. முதல் நாளிலேயே சேர்ந்த தொகை, அரசின் 20 மில்லியனையும் சேர்த்து, 55 மில்லியன். அதாவது பொதுமக்களின் பங்கு அந்த ஒரு நாளுக்குள்ளேயே வரம்பைத் தாண்டிவிட்டது. பிறகு அரசு வரம்பை 25 மில்லியனாக உயர்த்தியது. அந்த அழைப்பின் மொத்த வரவு கடைசியில் 400 மில்லியனைத் தாண்டியது. அரசின் ஈட்டுத் தொகை அதில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த வாரம் பள்ளியில் கேக் விற்றும், அலுவலகத்தில் உண்டியல் சுற்றியும் பணம் சேர்த்து அனுப்பியவர்களின் நன்கொடை உக்ரைன் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது இரட்டிப்பாகவில்லை.

2023 பிப்ரவரியில் துருக்கி, சிரியா நிலநடுக்கத்தின்போதும் இதேதான். வரம்பு 5 மில்லியன். முதல் நாளில் வந்தது 30 மில்லியனுக்கு மேல். 2022-இல் பாகிஸ்தான் வெள்ளத்துக்கும், 2025-இல் மியன்மார் நிலநடுக்கத்துக்கும் வரம்பு அதே 5 மில்லியன்தான்.

தொலைக்காட்சி முழுக்க ஒரே செய்தி ஓடும் பேரிடரில் இணைநிதி என்பது கூட்டத்தைக் கூட்டும் மணி. மணி அடித்தபின் வந்தவர்களுக்கு அதில் பங்கில்லை. அதற்காக அங்கே கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘இரண்டு மடங்கு’ என்ற காரணத்துக்காக மட்டும் அங்கே கொடுக்காதீர்கள் என்கிறேன். பெயர் அதிகம் கேள்விப்படாத நடுத்தர அமைப்பு ஒன்று, மூன்று மாத அவகாசத்தில் நடத்தும் அழைப்புக்கு வரம்பை எட்டுவதே பெரும்பாடு. அங்கே நீங்கள் தரும் பவுண்டு உண்மையிலேயே இன்னொரு பவுண்டை இழுத்து வரும் வாய்ப்பு அதிகம். விளம்பரச் சத்தம் எவ்வளவு பெரிதோ, இரட்டிப்பாகும் வாய்ப்பு அவ்வளவு சிறிது என்று வைத்துக்கொள்ளலாம்.

3. ஈட்டுப் பணம் யாரிடம் போகிறது?

நீங்கள் தரும் பணமும் அரசு தரும் பணமும் ஒரே இடத்துக்குப் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

யுகே எய்ட் மேட்சில் அரசின் பணம் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு திட்டத்துக்குத்தான் போகும். உங்கள் பணம் அதே திட்டத்துக்குப் போகலாம், அந்த அமைப்பின் பொதுக் கணக்குக்கும் போகலாம். அழைப்புக்கு அழைப்பு இது மாறும். ‘உங்கள் நன்கொடை தேவை அதிகமுள்ள இடங்களில் பயன்படும், அரசின் ஈட்டுத் தொகை இன்ன நாட்டில் இன்ன திட்டத்துக்கு’ என்ற வாசகம் இருந்தால் இரண்டும் தனித்தனி என்று பொருள்.

கனடாவில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது, பதிவுபெற்ற எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்தாலும், ஈட்டுத் தொகையை அரசு தன் தனி நிவாரண நிதியில் போட்டது. அந்த நிதியிலிருந்து யாருக்கு எவ்வளவு என்று அரசே முடிவு செய்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு அதில் ஒரு டாலர்கூடப் போகாமல் இருந்திருக்கலாம். 2022-இல் உக்ரைனுக்கு வேறு வழி. கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த நன்கொடைகளுக்கு மட்டும் ஈடு. வரம்பு முதலில் 10 மில்லியன் டாலர், பிறகு 30 மில்லியன். அதே வாரம் அதே உக்ரைனுக்காக வேறோர் அமைப்பிடம் கொடுத்தவருக்கு அந்த ஈடு கிடையாது.

டொரோண்டோவில் மூத்தவர்கள் சிலருக்கு 2004 ஆழிப்பேரலை நாட்கள் நினைவிருக்கும். கனடியர்கள் 2005 ஜனவரி 11 வரை தந்த நன்கொடைகளுக்கு ஈடு தருவதாக அன்றைய அரசு அறிவித்தது. இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளும் நாகப்பட்டினமும் சிதைந்து கிடந்த நேரம் அது. ஊருக்கென்று கொடுத்த பணத்தின் ஈட்டுத் தொகை அதே ஊருக்குப் போகும் என்று விதியில் எங்கும் இல்லை.

4. யாருடைய பணம் கணக்கில் வரும்?

யுகே எய்ட் மேட்ச் பிரிட்டனில் வசிக்கும் தனிநபர்களின் நன்கொடைக்கானது. நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் தரும் தொகை பொதுவாகச் சேராது. சென்னையிலிருந்து அண்ணன் அனுப்பும் பணமும் சேராது. கோயில், தேவாலயம், தமிழ்ப் பள்ளி, ஊர்ச் சங்கம் போன்ற இடங்களில் ஆட்களிடமிருந்து திரட்டிய பணம் என்றால், அதை எந்த வடிவில் ஒப்படைத்தால் கணக்கில் வரும் என்று அந்த அமைப்பிடம் முன்பே கேட்டுவிடுங்கள். திரட்டியது வைகாசியில், சங்கத்தின் கணக்கிலிருந்து அனுப்பியது ஆவணியில் என்று இழுத்துக்கொண்டே போனால் காலக்கெடு கடந்துவிடும். நம் சங்கங்களின் பொருளாளர்களைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

ஏற்கெனவே மாதாமாதம் வங்கியிலிருந்து போய்க்கொண்டிருக்கும் தொகை சேருமா என்பதையும் கேளுங்கள். கனடாவில் பல முறை ஒருவரின் நன்கொடையில் 1,00,000 டாலர் வரைதான் கணக்கில் எடுத்தார்கள். நம்மில் பலருக்கு அந்த வரம்பு தலைவலி தராது.

5. கிஃப்ட் எய்ட் கணக்கைத் தனியாகப் போடுங்கள்

பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர் 100 பவுண்டு கொடுத்து, கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகைக்கான உறுதிமொழியும் தந்தால், அந்த அமைப்பு வரித் துறையிடம் 25 பவுண்டு பெற்றுக்கொள்ளும். இதற்கும் இணைநிதிக்கும் தொடர்பில்லை. கிஃப்ட் எய்டாக வரும் தொகைக்கு அரசு ஈடு தருவதில்லை. ஆக 100 பவுண்டு கொடுத்தால் நன்கொடை 100, கிஃப்ட் எய்ட் 25, ஈடு 100, மொத்தம் 225. 250 என்று யாராவது சொன்னால் கூட்டலைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

40 சதவீத வரம்பில் வரி கட்டுகிறவராக இருந்தால், அந்த 100 பவுண்டுக்கு 25 பவுண்டை உங்கள் வரியிலிருந்து நீங்களே திரும்பப் பெறலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

நம் வீடுகளில் இரண்டு தவறுகள் சாதாரணமாக நடக்கின்றன. ஒன்று, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத அம்மாவோ அப்பாவோ அவர்கள் பெயரில் கொடுக்கும்போது கிஃப்ட் எய்ட் கட்டத்தில் குறியிட்டுவிடுவது. அந்த ஆண்டில் அவர்கள் கட்டிய வரி கிஃப்ட் எய்ட் தொகையைவிடக் குறைவு என்றால், வித்தியாசத்தை வரித் துறை அவர்களிடம்தான் கேட்கும். இன்னொன்று வாட்ஸ்அப் வசூல். பத்துப் பேரிடம் இருபது இருபதாக வாங்கி, ஒருவர் தன் அட்டையில் 200 பவுண்டைக் கட்டி, தன் பெயரில் கிஃப்ட் எய்ட் குறியையும் போட்டுவிடுவார். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த 200-இல் அவருடையது 20 மட்டுமே. மற்ற 180-க்கு அவர் உறுதிமொழி தர முடியாது. அமைப்பின் இணைப்பைக் குழுவில் பகிர்ந்து, அவரவர் நேரே கட்டச் சொல்வதே சரி. அப்படிச் செய்தால் ஒவ்வொருவரின் வரி நிலைக்கு ஏற்ற கிஃப்ட் எய்டும் கிடைக்கும். இணைநிதிக் கணக்கிலும் தனிநபர் நன்கொடையாகவே பதிவாகும்.

6. இது புதுப் பணமா?

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

பிரிட்டனின் வெளிநாட்டு உதவி நிதி தேசிய வருமானத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில் முடிவாகிறது. 2015-இல் 0.7 சதவீதத்தைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 2021-இல் 0.5 ஆக்கினார்கள். 2027-க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். நீங்களும் நானும் நன்கொடை கொடுப்பதால் இந்தச் சதவீதம் ஏறுவதில்லை, கொடுக்காவிட்டால் இறங்குவதும் இல்லை. இணைநிதி இந்த உதவி நிதிக்குள்ளிருந்துதான் வருகிறது. வரம்புக்கு உட்பட்ட உங்கள் பவுண்டு இழுத்து வரும் பவுண்டு, நீங்கள் கொடுக்காமல் இருந்திருந்தால் பெரும்பாலும் உதவி நிதியின் வேறொரு வேலைக்குப் போயிருக்கும்.

அப்படியானால் கேள்வி மாறுகிறது. ‘என் பணம் இரட்டிப்பாகிறதா?’ என்பதைவிட, ‘இந்தத் திட்டம் உதவி நிதியின் மற்ற செலவுகளைவிட மேலானதா?’ என்று கேட்பதே பொருத்தம். அதற்கு விடை அந்த மற்ற செலவுகளில் இருக்கிறது. 2023-இல் பிரிட்டனின் உதவிச் செலவு 15.3 பில்லியன் பவுண்டு. அதில் 4.3 பில்லியன், அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல், பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளுக்கும் புகலிடம் கோருவோருக்கும் தங்குமிடம் போன்றவற்றுக்குச் செலவானது. ஒருவர் வந்து சேர்ந்த முதல் ஆண்டுச் செலவை உதவியாகக் கணக்குக் காட்ட சர்வதேச விதி இடம் தருகிறது. அந்தச் செலவு தேவையற்றது என்று, புலம்பெயர்ந்தவர்களின் மொழியில் எழுதும் நான் சொல்ல மாட்டேன். மலாவி போன்ற ஏழை நாட்டின் பள்ளி உணவுக்கான கணக்கில் விடுதி வாடகையை எழுதுவதைத்தான் குறை சொல்கிறேன். அதே உதவி நிதியில்தான் தடுப்பூசிக்கான சர்வதேசக் கூட்டமைப்புக்குத் தரும் பணமும் இருக்கிறது. அது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் வேலை.

ஆகவே சுமாரான ஒரு திட்டத்துக்கு ஈட்டுப் பணத்தை இழுத்து வந்தால் நாம் சாதித்தது பெரிதாக எதுவும் இல்லை. நல்ல திட்டத்துக்கு இழுத்து வந்தால், அரசின் முடிவில் நம் சொல்லும் கொஞ்சம் எடுபட்டது என்று கொள்ளலாம். ‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்பதை இங்கே இரண்டு மடங்கு கவனத்தோடு பின்பற்ற வேண்டும், ஏனென்றால் பிறர் வரிப் பணத்துக்கும் சேர்த்து நாம் பாத்திரம் தேடுகிறோம்.

7. இணைநிதி இல்லை என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்

ஈட்டு விளம்பரம் மனத்தை அசைக்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவில் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2005-இல் ஏறத்தாழ 50,000 பேருக்கு நன்கொடைக் கடிதம் அனுப்பினார்கள். ஈடு உண்டு என்று சொன்ன கடிதங்களுக்குக் கொடுத்தவர்களின் விகிதம் 22 சதவீதம் கூடியது. கடிதம் ஒன்றுக்கு வந்த தொகை 19 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று ஈட்டை உயர்த்தியபோது கூடுதல் பலன் இல்லை. மூன்று மடங்கு கிடைக்கும் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ‘ஈடு உண்டு’ என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. ஜெர்மனியில் பவேரிய அரசு ஓபெரா அரங்குக்காக நடந்த சோதனை இன்னும் சுவையானது. பெயர் சொல்லாத ஒருவர் 60,000 யூரோ தந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னபோது வந்த நன்கொடை, அதே பணத்தை ஈடாகத் தருவதாகச் சொன்னபோது வந்ததைவிட அதிகம்.

இதிலிருந்து நான் பின்பற்றும் முறை எளிது. ஈடு என்ற பேச்சே இல்லாவிட்டால் எந்த அமைப்புக்குக் கொடுப்பேன் என்று முதலில் முடிவு செய்வேன். அந்த அமைப்புக்கே இணைநிதி வந்தால், அந்த ஆண்டு கொடுக்க நினைத்ததை எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடலாம். இரண்டு அமைப்புகள் சமமாகத் தோன்றினால் ஈடு உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் நினைத்த அமைப்பு தெளிவாக மேலானது என்றால், ஈடு இல்லாவிட்டாலும் அங்கேதான்.

ஊருக்கு உதவ நினைக்கும் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுகே எய்ட் மேட்ச் மிகவும் வறிய நாடுகளையும் நலிவுற்ற அரசுள்ள நாடுகளையும் நோக்கியது. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் அடியில் இருக்கும் நாடுகளே பெரும்பாலும் தகுதி பெறும். இலங்கை அந்தக் குறியீட்டில் ‘உயர்’ பிரிவில் இருக்கிறது. இந்தியா ‘நடுத்தர’ப் பிரிவில். முல்லைத்தீவிலோ ராமநாதபுரத்திலோ செய்யும் வேலைக்கு இந்த ஈடு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

8. சங்கமோ சிறு அமைப்போ விண்ணப்பிக்க நினைத்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான சிறு அமைப்புகளுக்கு இது எட்டாது. முதலில் யுகே எய்ட் மேட்சில் புதிய சுற்று திறந்திருக்கிறதா என்று அரசின் இணையதளத்தில் பாருங்கள். கடந்த சுற்றுகளில் அழைப்பை மக்கள் பார்க்கவோ கேட்கவோ குறைந்தது 4,00,000 வாய்ப்புகளைக் காட்ட வேண்டியிருந்தது. பத்திரிகையோ வானொலியோ துணைக்கு இல்லாமல் அது நடக்காது. கேட்கும் ஈட்டுத் தொகையும் குறைந்தது 1,00,000 பவுண்டாக இருக்க வேண்டும். வந்த நன்கொடைக்குச் சுயேச்சையான சரிபார்ப்பும் வேண்டும். தனியாக மல்லுக்கட்டுவதைவிட, தகுதி உள்ள பெரிய அமைப்பு ஒன்றின் களப் பங்காளியாகச் சேர்வது நடக்கக்கூடிய வழி.

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். 1974-இல் தொடங்கிய அரசு சாரா அமைப்புகளுக்கான கூட்டுறவுத் திட்டத்தில், அரசு தரும் ஒவ்வொரு 5 டாலருக்கும் அமைப்பு குறைந்தது 1 டாலரை மக்களிடம் திரட்டிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு அழைப்பை நம்பாமல் ஆண்டுதோறும் ஓடும் ஏற்பாடு என்பதால், எனக்கு இதுவே மேலாகத் தோன்றுகிறது.

9. பணம் கட்டும்போதும் கட்டியபின்பும்

பேரிடர் நாட்களில் ‘அரசு இரட்டிப்பாக்கும்’ என்ற வாசகத்தோடு போலி இணைப்புகளும் சுற்றும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். அமைப்பின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் அறநிலைய ஆணையத்தின் பதிவேட்டில் பதிவு எண்ணைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. கனடாவில் வருவாய் முகமையின் பட்டியல் இருக்கிறது.

அழைப்பு முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எவ்வளவு வந்தது, வரம்பை எப்போது எட்டினீர்கள், அரசின் பணம் எதற்குப் போனது என்ற மூன்று கேள்விகள் போதும். நல்ல அமைப்பு பதில் தரும். பதிலே வராத அமைப்புக்கு அடுத்த முறை கொடுப்பதா என்று யோசிக்கலாம்.

ரசீதுகளைத் தேதியோடு எடுத்து வையுங்கள். பிரிட்டனில் சுயமதிப்பீட்டு வரிப் படிவத்தை இணையவழி அனுப்பக் கடைசி நாள் ஜனவரி 31. படிவத்தை அனுப்பும் நாள் வரை நடப்பு ஆண்டில் கொடுத்த கிஃப்ட் எய்ட் நன்கொடையை முந்தைய வரி ஆண்டின் கணக்கிலும் காட்டலாம். சென்ற ஆண்டு 40 சதவீத வரம்பில் இருந்து, இந்த ஆண்டு வருமானம் குறைந்தவர்களுக்கு இது உதவும்.